சூட்டுக் கோடும் ரெசினும்: மரப்பெட்டி அலங்காரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரப்பெட்டியில் சூடு வைத்துப் படம் வரைவது (வுட் பர்னிங் என்றும் பைரோகிராபி என்றும் சொல்கிறார்கள்), அதற்கு மேல் எபொக்சி ரெசின் (இரண்டு திரவத்தைக் கலந்தால் கண்ணாடி மாதிரி இறுகும் பிசின்) ஊற்றுவது, இந்த இரண்டையும் பற்றி என்னிடம் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். வீடியோக்களில் வரும் செய்முறைகள் பெரும்பாலும் குளிர்நாட்டில், ஈரம் குறைந்த பட்டறைகளில் செய்தவை. இலங்கையின் கிழக்குக் கரையில், வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊர்களில் அதே மரமும் அதே ரெசினும் வேறு மாதிரி நடந்துகொள்ளும். கல்லடியில் இருந்தாலும் சரி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் இருந்தாலும் சரி, முதலில் காற்றைப் பார்க்க வேண்டும், பிறகுதான் கருவியை எடுக்க வேண்டும்.

எதை முதலில் செய்வது, சூடா ரெசினா?

சூடுதான். இதில் விதிவிலக்கே கிடையாது. இறுகிய ரெசின் மேல் சூட்டுப் பேனாவை வைத்தால் அது இளகிக் கருகும், அந்தப் புகை நுரையீரலுக்குக் கெட்டது. மரத்தைத் தேய்ப்பது, படத்தை மரத்துக்கு மாற்றுவது, சூடு வைப்பது, கரித்தூளைத் துடைப்பது, நிறம் தேவையென்றால் நிறம், பிறகு மெல்லிய ரெசின் பூச்சு ஒன்று, கடைசியில் ஊற்றுகிற ரெசின். இந்த வரிசை மாறக்கூடாது.

எந்த மரத்தில் பெட்டி எடுக்கலாம்?

வெளிர் நிறம், நெருக்கமான நார், எண்ணெய்ப்பசை குறைவு. இந்த மூன்றும் இருந்தால் சூட்டுக் கோடு எடுப்பாகத் தெரியும். மரக்காலையில் கிடைக்கிறவற்றில் ரப்பர் மரம் தொடக்கத்துக்கு மிக நல்லது, சூளையில் காயவைத்துத்தான் பெரும்பாலும் வருகிறது. மாமரமும் பரவாயில்லை. அல்பீசியா மலிவு, ஆனால் மிருதுவானது. பேனா உடனே ஆழமாக இறங்கிவிடும், சூட்டைக் குறைத்து ஓட்ட வேண்டும்.

பலாவில் சூடு வைத்தால் அன்றைக்கு அழகாக இருக்கும். ஆனால் பலா மஞ்சளாக இருந்து வெளிச்சம் படப்படக் கபில நிறத்துக்குப் போகிற மரம். கோட்டுக்கும் பின்னணிக்கும் உள்ள வித்தியாசம் காலப்போக்கில் குறைந்துவிடும். அதனால் பலாவில் மெல்லிய நிழல் வேலை வேண்டாம், ஆழமான கருங்கோடுகள் மட்டும் போடுங்கள். தேக்கில் எண்ணெய் உண்டு. ரெசின் ஊற்றுவதற்குச் சற்று முன் அசிட்டோன் நனைத்த வெள்ளைத்துணியால் துடைத்து, அது ஆவியாகிப் போனவுடன் ஊற்ற வேண்டும், இல்லையென்றால் பிறகு தோலாகக் கழன்று வரலாம்.

முதிரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளின் கதவு, நிலை, ஜன்னல்களில் கிடைக்கிற முதிரைத் துண்டுகள் பொன்னிறமாக மினுங்கும், பெட்டிக்கு அதைவிட அழகான மரம் எனக்குத் தெரியாது. ஆனால் கல் மாதிரி இறுக்கம், நார் குறுக்கும் மறுக்குமாக ஓடும், கோடு வழுக்கும். அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் கொப்புளமும் கொண்டுவரும், அதனால் நீளக்கை உடுப்பும் முகக்கவசமும் இல்லாமல் தேய்க்காதீர்கள். பழைய மரம் எதுவானாலும் மேலிருக்கும் பெயின்ட்டையும் வார்னிஷையும் சீவுளியால் முழுக்க எடுத்த பிறகே சூடு. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். புதிதாக முதிரை வேண்டுமென்றால் அனுமதிப்பத்திரத்தோடு விற்கிற இடத்தில்தான் வாங்க வேண்டும், காட்டு மரத்தை யாரோ கொண்டுவந்து தந்தார்கள் என்று வாங்காதீர்கள்.

எம்டிஎஃப், பிளைவூட், பழைய பலட் பலகைகள்?

எம்டிஎஃப்பில் (மரநாரைப் பசையிட்டு அழுத்திய பலகை) சூடு வைக்கவே வேண்டாம், அதன் பசையிலிருந்து ஃபார்மல்டிஹைட் என்ற நச்சு வாயு வரும். பிளைவூட்டில் மேல் தாளுக்குள் மட்டும் மெல்லிதாக ஓட்டலாம், அடியிலுள்ள பசையைத் தொடக்கூடாது. சரக்கு அடுக்கி அனுப்புகிற பலட் பலகையில் முத்திரையைப் பாருங்கள்: எச்.டி. என்றிருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது, பாவிக்கலாம். எம்.பி. என்றிருந்தால் மெதைல் புரோமைட் என்ற நச்சு மருந்து பாவித்தது, தொட வேண்டாம். பச்சை நிறம் ஏறிய, கறையானுக்கு மருந்தடித்த மரமும் அப்படித்தான்.

மரம் காய்ந்ததா என்று ஈரமானி இல்லாமல் எப்படிப் பார்ப்பது?

சமையலறைத் தராசு போதும். பெட்டியை நிறுத்து எழுதி வையுங்கள், சில நாள் விட்டு அதே தராசில் திரும்ப நிறுங்கள். நிறை இறங்கிக்கொண்டே இருந்தால் இன்னும் ஈரம் போய்க்கொண்டிருக்கிறது. நின்றுவிட்டால் அந்த இடத்துக் காற்றோடு மரம் சமப்பட்டுவிட்டது. ஆனால் சமப்பட்டது என்பதும் காய்ந்தது என்பதும் ஒன்றல்ல. காற்றின் ஈரப்பதன் 80 சதவீதத்தில் நிற்கிற காலத்தில், எத்தனை மாதம் கிடந்தாலும் மரத்தின் ஈரம் 15 சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கும். 60 சதவீதக் காற்றில் அதே மரம் 11 சதவீதம் வரை இறங்கும். ரெசினுக்கு 12க்குக் கீழே இருப்பது நல்லது. கார்த்திகையில் ஊற்றின பெட்டியும் ஆடியில் ஊற்றின பெட்டியும் ஒரே மாதிரி வராததற்கு இதுதான் காரணம்.

மழைக் காலத்தில் வேறு வழியில்லையென்றால், ஒரு பெரிய பெட்டிக்குள் பழைய மஞ்சள் பல்பு ஒன்றை எரியவிட்டு, மேலே ஆவி போக ஓட்டை வைத்து, மரத்தை அதற்குள் நாட்கணக்கில் வைக்கலாம். பல்பு பெட்டிச் சுவரிலோ மரத்திலோ முட்டக்கூடாது, வீட்டில் ஆளில்லாத நேரத்தில் எரியவும் கூடாது.

அப்படியென்றால் எந்த மாதங்கள் நல்லவை?

மே முதல் செப்டெம்பர் வரை. கச்சான் காற்று வீசுகிற நாட்கள் ரெசினுக்குப் பொற்காலம். மலைப்பக்கத்திலிருந்து இறங்கி வருகிற அந்தக் காற்று மட்டக்களப்பையும் அம்பாறையையும் சேர்த்து உலர்த்திவிட்டுப் போகும். ஆனால் தூசியையும் கூடவே கொண்டுவரும், அதனால் ஜன்னலைச் சாத்திவிட்டு ஊற்றுங்கள். ஒக்டோபரில் மழை தொடங்கி நவம்பர், டிசம்பரில் உச்சத்துக்குப் போகும்போது நான் ரெசினை மூடி வைத்துவிட்டுச் சூட்டு வேலையை மட்டும் செய்வேன். சூட்டு வேலைக்கு மழை ஒரு தடையே இல்லை. வாடைக் காலத்தில் பெட்டிகளைச் சுட்டு அடுக்கி வைத்து, வெயில் வந்ததும் ஒன்றாக ஊற்றுவது நல்ல பழக்கம்.

எந்தப் பேனா வாங்குவது?

இரண்டு வகை உண்டு. பற்றாசு வைக்கிற சோல்டரிங் அயன் மாதிரி, பித்தளை முனை திருகிப் போடுவது ஒன்று. விலை குறைவு, சூடேற நேரம் எடுக்கும், கைப்பிடி தடிப்பு. மற்றது கம்பி முனை, தனியாக ஒரு பெட்டியில் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்கும், சில விநாடியில் சூடேறும், விரலுக்குப் பக்கத்திலேயே முனை இருப்பதால் பேனையால் எழுதுகிற கட்டுப்பாடு வரும். இதைத் தொடர்ந்து செய்வேன் என்று நினைக்கிறவர் இரண்டாவதை வாங்கட்டும். முதல் வகை வாங்கினால் சூட்டைக் குறைக்கும் திருகு உள்ளதா என்றும், எங்கள் 230 வோல்ட் கரண்டுக்கு உரியதா என்றும் பாருங்கள். 110 வோல்ட் சாமான் வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டிகளில் அகப்படும்.

கோடு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் கரும்புள்ளி விழுகிறதே?

பேனா நின்ற நிலையில் மரத்தைத் தொடுவதால் வருவது. விமானம் இறங்குவதைப் போல, கை ஏற்கனவே நகர்ந்துகொண்டிருக்கும்போது முனை மரத்தைத் தொட வேண்டும், நகர்ந்துகொண்டே எழும்ப வேண்டும். முனை எடுத்த முதல் கணத்தில்தான் சூடு அதிகம், அதனால் ஒரு துண்டு மரத்தில் ஒரு தடவை தொட்டுவிட்டுப் பெட்டிக்கு வாருங்கள்.

ஒரு மீனின் செதிலை எடுத்துக்கொள்ளுங்கள். அரைவட்டத்தின் மேல் பகுதி நாரோடு போகும், பக்கங்கள் நாருக்குக் குறுக்கே வெட்டும். நாரோடு போகும்போது முனை மிருதுவான பட்டையில் விழுந்து அதே வழியில் இழுபடும், குறுக்கே போகும்போது இறுகிய வரியில் தட்டித் தட்டி ஏறும். இரண்டையும் ஒரே வேகத்தில் ஓட்டினால் செதிலின் ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெளிறல். குறுக்கே வரும் இடத்தில் வேகத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும், அழுத்தத்தைக் கூட்டக் கூடாது. அழுத்தினால் பள்ளம் விழும், நிறம் வராது. நிறத்தைத் தருவது சூடும் நேரமும்தான். பிறகு செதிலின் அடியில் மட்டும் கரண்டி முனையால் மெல்லச் சுழற்றி நிழல் வையுங்கள், மீன் மரத்திலிருந்து எழும்பி நிற்கும்.

மரத்தைத் தேய்ப்பதிலும் கோட்டின் அழகு இருக்கிறது. 220 நம்பர் அரத்தாள் வரை தேய்த்து, ஈரத்துணியால் ஒரு துடை, எழும்பிய நார் காய்ந்ததும் திரும்ப ஒரு தேய். இதை விட்டால் கோடு ரம்பப் பல் மாதிரி வரும். வேலை நடக்கும்போது மேசை மேல் மின்விசிறியை நேராகத் திருப்பாதீர்கள், முனை குளிர்ந்து கோடு திட்டுத் திட்டாகும். விசிறி உங்களுக்குப் பின்னாலிருந்து வீசாமல், புகையை ஜன்னல் பக்கம் இழுக்கிற மாதிரி தள்ளி இருக்கட்டும்.

என்ன படம் போடலாம்?

பூவும் மண்டலாவும் எல்லாரும் போடுகிறார்கள். எங்களுக்கென்று எவ்வளவோ இருக்கிறது: மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன், வலை வீசுகிற தோணி, கல்லடிப் பாலத்தின் இரும்புச் சட்டங்கள் (1924இல் திறந்த பழைய பாலம், அந்தக் கோணங்கள் சூட்டுக் கோட்டுக்கென்றே அமைந்தவை), பாலமீன்மடு வெளிச்சவீடு, வடமோடி நாட்டுக்கூத்தரின் கிரீடம், கண்ணகி அம்மன் சடங்கில் வைக்கிற வேப்பிலைக் கொத்து, வயலும் கொக்கும், காத்தான்குடி, சம்மாந்துறைப் பள்ளிவாசல்களின் வளைவுகள். வாவியின் நெளிவை மட்டும் மூடியில் பள்ளமாகக் குடைந்து நீல ரெசின் விட்டு, இரு கரையிலும் தென்னையைச் சூட்டால் வரைந்தால் அந்தப் பெட்டியை வேறு ஊரில் யாரும் செய்ய முடியாது.

படத்தை மரத்துக்கு மாற்றக் கார்பன் தாள் வேண்டாம், அதன் நீலம் அழியாமல் நிற்கும். படத்தாளின் பின்பக்கம் பென்சிலால் தேய்த்துவிட்டு மேலே வரைந்தால் போதும், மிச்சத்தை ரப்பரால் அழிக்கலாம்.

மின்சாரம் பாய்ச்சி மரத்தில் மின்னல் மாதிரிக் கோடு வரவைக்கிறார்களே, அதைச் செய்யலாமா?

கூடாது. பழைய மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்ஃபோமரைக் கழற்றிச் செய்கிற அந்த வேலையில் 2000 வோல்ட் அளவுக்குக் கரண்ட் வரும், பல நாடுகளில் அனுபவமுள்ளவர்கள்கூட அதில் செத்திருக்கிறார்கள். அமெரிக்க மரக்கடைசல்காரர் சங்கம் தன் நிகழ்வுகளிலும் வெளியீடுகளிலும் அதைத் தடை செய்திருக்கிறது. கையுறை, ரப்பர் செருப்பு எதுவும் காப்பாற்றாது. அந்த மின்னல் வடிவம் வேண்டுமென்றால் மெல்லிய முனையால் கையாலேயே வரையுங்கள், நேரம் எடுக்கும், உயிர் இருக்கும்.

படகு திருத்துகிற இடத்தில் ரெசின் லீட்டர் கணக்கில் கிடைக்கிறதே, அதைப் பாவிக்கலாமா?

கரையோரத்தில் அதிகம் வருகிற கேள்வி இது. ஃபைபர் படகுக்குப் பூசுவது பெரும்பாலும் பொலியெஸ்டர் ரெசின். அதற்குச் சில சொட்டு ஊக்கி விட்டால் இறுகும், மூக்கைத் துளைக்கிற ஸ்டைரீன் மணம் வரும். மரத்தில் பிடிப்பு எபொக்சி அளவுக்கு வராது, இறுகும்போது சுருங்கும், மேற்பரப்பு பல வேளை பிசுபிசுவென்றே நிற்கும். பெட்டிக்கு வேண்டியது இரண்டு போத்தலாக (ஒன்று ரெசின், மற்றது அதை இறுக்குகிற ஹார்டனர்) வருகிற எபொக்சி, அதிலும் மேற்பூச்சுக்கென்று எழுதியது. ஐந்து நிமிடத்தில் இறுகுகிற அரால்டைட் வகைப் பசை ஒட்டுவதற்கு மட்டுமே.

எவ்வளவு கலப்பது?

நீளம், அகலம், தடிப்பு மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்குங்கள். 20க்கு 15 மூடி, 2 மில்லிமீற்றர் தடிப்பு என்றால் 20 × 15 × 0.2 = 60 மில்லிலீற்றர். கோப்பையில் ஒட்டுவதற்கு இன்னொரு 6 சேருங்கள். 2க்கு 1 ரெசின் என்றால் 44 ரெசின், 22 ஹார்டனர். போத்தலில் கன அளவு சொல்லியிருந்தால் கன அளவிலேயே அளங்கள், ஹார்டனர் ரெசினை விட நிறை குறைந்தது என்பதால் அதே 2க்கு 1ஐத் தராசில் போட்டால் பிழைக்கும். ஹார்டனரைக் கூட்டினால் கெதியாக இறுகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், கூடின ஹார்டனர் இணைய ஆளில்லாமல் நின்று மேற்பரப்பைக் காலத்துக்கும் ஒட்ட வைக்கும்.

கலக்கும்போது கோப்பையை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். முதலில் நெளிநெளியாக இழைகள் தெரியும், பிறகு மங்கும், அப்புறம் திடீரென்று தெளியும். தெளிந்த பிறகும் அடியையும் ஓரத்தையும் சுரண்டி இன்னும் கொஞ்சம் கலக்குங்கள், பிறகு வேறொரு சுத்தக் கோப்பைக்கு மாற்றி ஒரு தடவை. ஓரத்தில் கலக்காமல் நின்றதை வழித்து ஊற்றுவதால்தான் மூடியில் அங்கங்கே இறுகாத சொட்டுகள் வருகின்றன.

எங்கள் வெக்கையில் வேலை நேரம் குறைவு. சூடு 10 பாகை கூடினால் நேரம் ஏறக்குறைய பாதியாகும். போத்தலில் 40 நிமிடம் என்று எழுதியிருப்பது 22, 25 பாகைக்கு. உச்சி வெயில் நாளில் 20 நிமிடம் என்று வையுங்கள். கலந்ததைக் கோப்பையிலேயே விட்டுவிட்டுப் போன் கதைக்கப் போனால் அது தன் சூட்டிலேயே புகைந்து கட்டியாகும்.

ஊற்றிய பிறகு குமிழி குமிழியாக எழும்புகிறதே?

மரத்தின் துளைகளில் உள்ள காற்றுத்தான். சூட்டுக் கோட்டின் கரி பஞ்சுத்தன்மையாக இருப்பதால் கோட்டின் மேலேயே வரிசையாகக் குமிழி வரும். இரண்டு வேலை செய்யுங்கள். முதலாவது, தூரிகையால் மிக மெல்லிய ரெசின் பூச்சைக் கோட்டுக்குள் இறங்கத் தேய்த்துப் பூசி, கை வைத்தால் ஒட்டுகிற ஆனால் விரலில் வராத பதம் வரும்வரை விட்டு, பிறகு ஊற்றுங்கள். இரண்டாவது, நேரம். காலையில் ஊற்றினால் வெயில் ஏற ஏற மரத்துக்குள் காற்று விரிந்து வெளியே தள்ளும். மரம் பகல் சூட்டை வாங்கியிருந்து ஆறத் தொடங்கும் நாலு, ஐந்து மணிக்கு ஊற்றினால் துளைகள் ரெசினை உள்ளே இழுக்கும். அதைவிடப் பிந்தினால் இரவு ஈரம் இறங்கும். மேலே நிற்கும் குமிழிக்கு சூடான காற்று ஊதுகிற ஹீட் கன்னை உயரத்தில் பிடித்து ஓட்டமாக ஒரு தடவை, அவ்வளவுதான்.

ஊற்றியதும் வேறொரு பெட்டியைக் கவிழ்த்து மூடி, அறை விளக்கை அணைத்துவிடுங்கள். மழை விட்ட இரவில் ஈசல் வந்தால் விடிய உங்கள் வாவி முழுக்கச் செட்டையாக இருக்கும்.

மேலே எண்ணெய் பூசினது மாதிரி ஒரு படலம் நிற்கிறது, கெட்டுப்போய்விட்டதா?

இல்லை. ஈரக் காற்றில் ஹார்டனரில் உள்ள அமீன் என்ற பொருள் மேலே வந்து படிவது அது. இறுகிய பிறகு இளஞ்சூட்டு நீரும் கொஞ்சம் சவர்க்காரமும் வைத்துக் கழுவித் துடைத்து, பிறகு அரத்தாள் போடுங்கள். கழுவாமல் தேய்த்தால் அழுக்கை உள்ளே அமுக்குவீர்கள். விரல் அமுங்கினால், நூலாக இழுபட்டால், அது கலவைப் பிழை, சுரண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை.

மூடி சில மாதத்தில் வளைந்துவிட்டது, ஏன்?

மேல் பக்கத்தை ரெசினால் அடைத்துவிட்டு அடிப்பக்கத்தை வெறுமையாக விட்டதால். மேல்பக்கம் ஈரத்தை எடுக்காது, அடிப்பக்கம் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும். மூடியின் உள்பக்கத்துக்கும் ஒரு மெல்லிய பூச்சு கொடுங்கள், அதன் மேல் மருதமுனைக் கைத்தறித் துணியை ஒட்டினால் நகைப்பெட்டிக்கு அதுவே உள்ளலங்காரம்.

பெட்டி முழுக்க ரெசின் ஊற்றலாமா?

ஊற்றலாம், நான் ஊற்ற மாட்டேன். முழுக்க ஊற்றினால் கைக்கு மரம் படாது, சூட்டுக் கோட்டின் பள்ளத்தை விரல் உணராது, மெல்லிய நிழல்களும் ரெசினில் நனைந்து கறுத்த மரத்துக்குள் மறைந்துவிடும். நீர், கண், நிலா, விளக்கு என்று பளபளப்புக்குப் பொருள் இருக்கிற இடத்தில் மட்டும் ரெசின். மற்ற இடத்துக்குத் தேன்மெழுகு. ஆனால் மெழுகோ எண்ணெயோ ரெசின் இறுகிய பிறகுதான், முன்பு பட்டால் ரெசின் பிடிக்காது. தேங்காயெண்ணெய் காயாத எண்ணெய், மரத்துக்கு வேண்டாம்.

வெயிலில் வைக்கலாமா? சூடான கோப்பை?

நேர் வெயிலில் ரெசின் மஞ்சளாகும், மெல்லிய சூட்டு நிழலும் வெளுக்கும். பூச்சு ரெசின்கள் பல 50, 60 பாகையில் இளகத் தொடங்கும். பொத்துவில் போகிற வழியில் பூட்டிய வாகனத்துக்குள் வைத்தாலே அந்தச் சூடு வரும். தேநீர்க் கோப்பை வைத்தால் வட்டம் பதியும்.

பூ, சிப்பி போடலாமா?

முழுக்கக் காய்ந்த எதையும் போடலாம். பச்சை மல்லிகை உள்ளேயே கபிலமாகும். சிப்பியைக் கழுவி, நன்றாகக் காயவைத்து, அதன் குழிக்குள் முதலில் ரெசின் விட்டு நிரப்பித் திருப்பி வையுங்கள், இல்லையென்றால் அடியிலிருந்து காற்று வந்துகொண்டே இருக்கும்.

கையில் பட்டால்?

சவர்க்காரமும் நீரும். தின்னரால் துடைக்க வேண்டாம், அது ரெசினைத் தோலுக்குள் கொண்டுபோகும். இறுகாத எபொக்சிக்கு ஒவ்வாமை ஒரு தடவை வந்துவிட்டால் ஆயுளுக்கும் நிற்கும், அதற்குப் பிறகு இந்த வேலையையே விட வேண்டி வரும். நைட்ரைல் கையுறை, காற்றோட்டம், தேய்க்கும்போது தூசுக் கவசம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் வேறு அறையில் செய்யுங்கள்.

கீல் எப்போது பூட்டுவது?

ரெசினுக்கு முன்பே ஒரு தடவை பூட்டி, மூடி சரியாக விழுகிறதா என்று பார்த்துக் கழற்றுங்கள். ஆணி ஓட்டைகளை மெழுகால் அடைத்து, மூடியின் ஓரங்களில் டேப் ஒட்டி ஊற்றுங்கள். ரெசின் ஜெல்லிப் பதத்துக்கு வந்ததும் டேப்பை உரியுங்கள், முழுக்க இறுகிய பிறகு உரித்தால் ஓரம் பிய்யும். மூடியைப் பெட்டியில் பொருத்துவதற்கு ஒரு கிழமை விடுங்கள், அதற்கு முன் மூடி வைத்தால் ரெசின் ரெசினோடு ஒட்டிக்கொள்ளலாம். கீலும் ஆணியும் பித்தளையில் வாங்குங்கள். கடற்காற்றில் இரும்புக் கீல் துருப்பிடித்து, அந்தக் கறை உங்கள் சூட்டுக் கோட்டுக்குப் பக்கத்திலேயே இறங்கும்.